ஆங்கிலக் கடற்படையின் கதை – 7: சாளரங்கள் திறந்த மேரி ரோஸ்

ஏழாம் ஹென்றி மன்னர் ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவிடும் சுபாவமுடையவராயிருந்தும், 'ரீஜெண்ட்', 'சாவரின்' என்னும் இரண்டு பெருங்கப்பல்களைக் கட்டுவித்ததையும், 1495-ஆம் வருஷத்தில் போர்ட்ஸ்மத் துறையில் கப்பல்களைத் தண்ணீரினின்றும் பிரித்து நிறுத்திச் செப்பனிடுவதற்கு ஓர் உலர்துறை அமைப்பித்ததையும் சென்ற இதழில் பார்த்தோம். 1509 ஏப்ரலில் அம்மன்னர் காலமானபோது, அவருடைய முத்திரையும் கஜானாவும் 18 வயதுகூட நிரம்பாத அவர் குமாரர் எட்டாம் ஹென்றியின் கைக்கு வந்து சேர்ந்தன. தந்தை சேர்த்தார், மைந்தர் செலவழித்தார் என்று ஒரே வாக்கியத்தில் இருவரையும் எடைபோட்டுவிடுகிற சரித்திர ஆசிரியர்கள் உண்டு. ஆயினும் அந்தச் செலவுக் கணக்கைப் பொறுமையாகப் புரட்டுகிறவர்களுக்கு, விருந்துகளுக்கும் ஆடை ஆபரணங்களுக்கும் இடையிலே, மரத்துக்கும் இரும்புக்கும் தாருக்கும் சணலுக்கும் தச்சர் கூலிக்குமாக அந்த அரசர் தம் ஆயுள் முழுவதும் பணம் அளந்துகொண்டே இருந்தார் என்பது தெரியவரும்.

அப்படி அளந்த முதற்பணத்தில் பிறந்தது 'மேரி ரோஸ்'. பட்டத்துக்கு வந்து ஒரு வருஷம் நிறையுமுன்னரே, 1510 ஜனவரி 29-ஆம் தேதி, ஒன்று 400 டன்னும் மற்றொன்று 300 டன்னுமாக இரண்டு புதுக் கப்பல்களைக் கட்டுவதற்கு அரசரின் ஆக்ஞை புறப்பட்டது. மேற்பார்வைப் பொறுப்பு, முந்தைய மன்னர் காலத்தில் உலர்துறையைக் கட்டி முடித்த அதே ராபர்ட் பிரிகண்டைன் என்பவரிடம் விடப்பட்டது; 'அரசாங்கக் கப்பல்களின் எழுத்தர்' என்பது அவருடைய உத்தியோகப் பெயர். டன் என்று இங்கே சொல்வது எடைக்கணக்கு அன்று. கப்பலின் வயிற்றில் எத்தனை பெரிய மதுப் பீப்பாய்களை அடுக்கலாம் என்பதே அந்நாளில் அதன் பரிமாணத்தைச் சொல்லும் வழி. போர்க்கப்பலையும் வியாபாரிகள் தங்கள் அளவுகோலால்தான் அளந்தார்கள். கட்டி முடிந்தபோது மேரி ரோஸ் உத்தேசித்ததைக் காட்டிலும் வளர்ந்து, 500 டன் கப்பலாகக் கணக்கேடுகளில் இடம்பெற்றது.

அரசருடைய தங்கை மேரி இளவரசியின் பெயரையே கப்பலுக்கு வைத்தார்கள் என்று பாமரரும் புத்தகக்காரரும் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். கேட்பதற்கு இனிமையான கதைதான்; ஆனால் அக்காலத்துச் சாஸனங்களில் இதற்கு ஆதாரமில்லை. கத்தோலிக்க நாடுகளில் கப்பல்களுக்குத் தேவமாதா மரியாளின் திருநாமத்தைச் சூட்டுவது பழைய வழக்கம்; ரோஜா மலரோ இம்மன்னர்களுடைய டியூடர் வம்சத்தின் சின்னம். கூடப்பிறந்த கப்பலின் பெயரைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்: அதன் பெயர் 'பீட்டர் பொமிகிரனெட்', அதாவது அப்போஸ்தலர் பேதுருவும் மாதுளம்பழமும். மாதுளை, அரசி காதரின் பிறந்த ஸ்பானிய அரச குடும்பத்தின் சின்னம். ஒரு புனிதர், ஓர் அரச சின்னம் என்று இரண்டு கப்பல்களுக்கும் ஒரே இலக்கணத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

கப்பலைக் கட்டுவதற்கு முதலில் வேண்டியது காடு. சுமார் 600 பெரிய ஓக் மரங்கள் இந்த ஒரு கப்பலுக்குச் செலவாகியிருக்க வேண்டும் என்று நிபுணர்கள் கணித்திருக்கிறார்கள்; அது ஏறக்குறைய 40 ஏக்கர் காடு. நேராக உயர்ந்த மரம் பலகைக்கு ஆகும். ஆனால் கப்பலின் வங்குகளுக்கு, அதாவது கப்பலின் முதுகெலும்பான ஏராமரத்திலிருந்து இருபுறமும் விலா எலும்புகளைப்போல வளைந்து எழும் சட்டங்களுக்கு, இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த மரமே வேண்டும். நேர்மரத்தை வளைவாகச் செதுக்கினால் அதன் நார் இடையிலே அறுபட்டு, பளு தாங்கும் சக்தி போய்விடும். ஆகையால் தச்சர்கள் கையில் மாதிரி அச்சுக்களை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் சென்று, நிற்கிற மரத்தின் கிளைப்பிரிவையும் வளைவையும் அண்ணாந்து பார்த்து, இது கீழ்வங்குக்கு, இது முட்டுச்சட்டத்துக்கு என்று மரத்திலேயே கப்பலின் அங்கங்களை அடையாளம் கண்டார்கள். ஒரு கிளை தண்டைவிட்டுப் பிரியும் கவையைக் கோடரியால் அப்படியே வெட்டியெடுத்து, தளத்தின் விட்டத்தையும் சுவரையும் பிணைக்கும் முழங்கைக் கட்டையாக்கினார்கள். காற்றும் வெயிலும் நூறு வருஷம் உழைத்து முறுக்கிய அந்தக் கவையின் பலத்தை எந்த உளியும் உண்டாக்க முடியாது.

ஏராவுக்கு மட்டும் எல்ம் மரத்தைத் தேர்ந்தார்கள். எல்ம் நீளமாக வளரும். எந்நேரமும் நீரில் அமிழ்ந்திருந்தால் மக்குவதுமில்லை. மூன்று துண்டுகளைக் கோத்து இணைத்த அந்த ஏரா சுமார் 105 அடி நீளம். கப்பலின் அகலம் சுமார் 38 அடி. ஏராவின் இரு முனைகளிலும் அணியம் என்னும் முன்புறத்துக்கும் அமரம் என்னும் பின்புறத்துக்கும் தூண்கள் எழுந்தன, வங்குகள் நின்றன, அவற்றின்மேல் ஓக் பலகைகளை ஒன்றின் விளிம்போடு ஒன்றின் விளிம்பு பொருந்தும்படி வைத்து மர ஆணிகளால் அறைந்தார்கள். பலகைச் சந்துகளில் தார் தோய்த்த உரோமத்தையும் நாரையும் திணித்து அடித்துக் கலப்பற்றுச் செய்தார்கள்.

விளிம்போடு விளிம்பு என்று சொன்னேனே, இந்தக் கப்பலின் கதை முழுவதும் அந்தச் சிறு விஷயத்தைச் சுற்றியே சுழல்கிறது. வட ஐரோப்பாவில் அதுவரை பெரும்பாலும் கப்பல்களைக் கட்டிய முறை வேறு. ஓடு வேய்வதைப்போல ஒரு பலகையின் ஓரம் அடுத்த பலகையின்மேல் ஏறும்படி அமைத்து, அந்த ஓரங்களை ஒன்றோடொன்று இரும்பாணியால் தைப்பார்கள். வங்குகளைப் பின்னர்தான் உள்ளே பொருத்துவார்கள். அந்த முறையில் கப்பலின் பலமெல்லாம் அதன் தோலில் இருக்கிறது. அத்தோலில் பெரிய ஓட்டை போடுவது சரீரத்தையே கிழிப்பதற்குச் சமானம். விளிம்பு பொருந்திய புது முறையிலோ, எலும்புக்கூடு பளுவைத் தாங்குகிறது. பலகை வெறும் போர்வை. இரண்டு வங்குகளுக்கு நடுவில் சதுரமாக ஒரு வாசலை அறுத்து, அதற்கு மேற்புறம் கீல் வைத்த கதவைப் பொருத்தினால் கப்பலுக்கு அபாயமில்லை. ராட்சசப் பீரங்கிகளை, அவற்றின் பாரத்தால் கப்பல் கவிழ்ந்துவிடாதபடி, நீர்மட்டத்துக்கு அருகிலுள்ள கீழ்த்தளத்தில் வரிசையாக வைத்து, கடலை நோக்கி வாய் திறக்கச் செய்வதற்கு வழி பிறந்தது. உள்ளேயிருந்து ஒரு கயிற்றை இழுத்தால் கதவு மேலே தூக்கிக்கொள்ளும். கயிற்றைத் தளர்த்திக் கட்டினால் மூடிக்கொள்ளும். இந்தப் பீரங்கிச் சாளரங்களை மேற்கொண்ட ஆதி ஆங்கிலக் கப்பல்களுள் மேரி ரோஸும் ஒன்று.

கப்பலின் உட்புறம் ஒரு சிறு கிராமம். அடிவயிற்றிலே, கப்பல் நிலை தவறாதிருக்கப் பரப்பிய சரளைக்கல்லின்மீது, செங்கல்லால் கட்டிய இரண்டு அடுப்புகளும், அவற்றின்மேல் ஒன்று 600 லிட்டரும் மற்றொன்று 360 லிட்டரும் கொள்ளும் இரண்டு கொப்பரைகளும் இருந்தன. அதற்குமேல் பண்டங்களை வைக்கும் தளம், அதற்குமேல் பெரும் பீரங்கிகளும் வைத்தியர், தச்சர் முதலியோரின் அறைகளும் அமைந்த பிரதான தளம், அதற்குமேல் மேல்தளம், அணியத்திலும் அமரத்திலும் கோட்டைக் கொத்தளங்களைப்போல ஓங்கி நின்ற கட்டுமானங்கள். நான்கு பாய்மரங்கள் வானை அளாவின. 1511 கோடைகாலத்தில் இந்தக் கப்பல் போர்ட்ஸ்மத்திலிருந்து லண்டனுக்குச் சென்று, தேம்ஸ் நதியில் பீரங்கிகளையும் பாய்களையும் கொடிகளையும் ஏற்றிக்கொண்டது. அதில் தொங்கிய வெண்கல மணி பின்னாளில் கடலடியில் கிடைத்தது. 1510-ஆம் வருஷத்தில் வார்க்கப்பட்டதாக அதுவே தன் விளிம்பில் பிளெமிஷ் மொழியில் சொல்லிக்கொள்கிறது.

முதல் யுத்தங்களை இங்கே விரிக்கப் போவதில்லை. 1512-இல் தளபதி எட்வர்ட் ஹவர்டு இதையே தம் கொடிக்கப்பலாகக் கொண்டு பிரெஸ்ட் துறையருகே பிரெஞ்சுக்காரரைத் தாக்கினார். ரீஜெண்டும் பிரெஞ்சுக் கப்பலான 'கோர்டெலியே'யும் ஒன்றையொன்று கொக்கியால் பிணைத்துக்கொண்டு, வெடிமருந்து தீப்பற்றி, இரண்டுமே நூற்றுக்கணக்கான உயிர்களோடு அழிந்தது அந்தப் போரிலேதான். மறு வருஷம் மார்ச்சில் தேம்ஸ் முகத்துக்கு வெளியே கடற்படையின் கப்பல்கள் ஒன்றையொன்று முந்தி ஓடிப் பார்த்தபோது, மேரி ரோஸ் மற்றெல்லாவற்றையும் பின்தள்ளிவிட்டு வந்தது. ஹவர்டு அளவில்லாத உற்சாகத்தோடு அரசருக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு நிகரான கப்பல் கிறிஸ்தவ நாடுகளில் இல்லை என்ற பொருள்பட வர்ணித்தார். அடுத்த மாதமே அவர் பிரெஞ்சுக் கலங்களின்மேல் சிறு படகுகளோடு பாய்ந்து, அலையில் தள்ளுண்டு மாண்டார். கப்பல் அவருக்குப் பின்னும் 32 வருஷங்கள் வாழ்ந்தது.

அந்த வருஷங்களில் கப்பல் மாறிக்கொண்டே வந்தது. அதுவே நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம். 1536-ஐ ஒட்டி மேரி ரோஸைப் புதிதாக்கிக் கட்டியதாக மந்திரி தாமஸ் கிராம்வெல் குறித்துவைத்திருக்கிறார். 500 டன் கப்பல் 700 டன் கப்பலாயிற்று. பீரங்கிகளின் பாரத்தைத் தாங்க உள்ளே குறுக்குச் சட்டங்களும் முட்டுகளும் கொடுத்தார்கள். பிறந்தபோது அதற்கிருந்த இலகுவான நடை குறைந்தது. ஆயுத பலம் கூடியது. இளமையில் எல்லாக் கப்பல்களையும் முந்தி ஓடிய ஒன்றின்மேல் ஆண்டுக்காண்டு சுமையை ஏற்றிக்கொண்டே போனவர்கள், அதன் உயிர் அந்த இலகுவான நடையிலேதான் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தார்களோ என்னவோ, அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் சங்கடப்படுகிறது.

அக்கப்பலின் ஆயுதங்களை நாம் ஓர் அற்புதமான ஆவணத்தால் அறிகிறோம். லண்டன் கோபுரத்துப் படைக்கல உத்தியோகஸ்தரான அந்தோணி அந்தோணி என்பவர் அரசரின் 58 கப்பல்களையும் வர்ணத்தில் தீட்டி, ஒவ்வொன்றின் கீழும் அதன் ஆட்களையும் படைக்கலங்களையும் எழுதி, மூன்று தோற்சுருள்களாக 1546-இல் அரசருக்குச் சமர்ப்பித்தார். அதன்படி மேரி ரோஸில் இருந்தவை 91 பீரங்கிகள், கைத்துப்பாக்கிகள் 50. 91-இல் வெண்கலப் பீரங்கி 15. தேனிரும்பால் செய்த பெரியவையும் நடுத்தரமானவையும் 24. எதிரி ஆட்களை மட்டும் குறிவைக்கும் சிறியவை 52.

வெண்கலப் பீரங்கிகளே அந்நாளைய நவீனம். லண்டனில் ராபர்ட் ஓவன், ஜான் ஓவன் என்ற சகோதரர்களும், இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய ஆர்க்கானோ குடும்பத்தாரும் அவற்றை வார்த்தார்கள். அவை ஒரே வார்ப்பில் உருவானவை. மருந்தையும் குண்டையும் வாய்வழியே இட்டுக் கெட்டிப்பவை. நான்கு சக்கரங்கள் பூட்டிய எல்ம் மர வண்டியில் அமர்ந்தவை. ஒவ்வொன்றின் முதுகிலும் முடியணிந்த டியூடர் ரோஜாவும், அரசரின் பட்டப்பெயர்களும், வார்த்தவர் பெயரும், வார்த்த வருஷமும் எழும்பி நிற்கும். கொலைக்கருவிக்கு இத்தனை அலங்காரமா என்று நமக்குத் தோன்றலாம். அந்தக் கொல்லர்களோ ஆலயமணியை வார்ப்பவர்களின் கைவழக்கத்தைக் கற்றவர்கள். வெண்கலத்தைத் தொட்டால் எழுத்தும் பூவும் வைக்காமல் அவர்கள் கை ஓயாது.

தேனிரும்புப் பீரங்கி பழைய வித்தை. பெரிய இரும்புக் குழாயை உருக்கி வார்ப்பது அக்காலத்தில் எளிதன்று. ஆகவே நீளமான இரும்புப் பட்டைகளை ஓர் உருளைமேல் வட்டமாக அடுக்கி, அவற்றின்மேல் நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினார்கள்; வளையம் ஆறும்போது சுருங்கிப் பட்டைகளை இறுகக் கவ்விக்கொள்ளும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் இரும்புப் பட்டை ஏற்றித் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறவர்களுக்கு அந்தச் சீற்றமும் இறுக்கமும் நினைவுக்கு வரும். இவற்றுள் பெரியவற்றுக்குச் சாளரப் பீரங்கி என்று பொருள்படும் பெயர். மேரி ரோஸில் அவை 12 இருந்தன.

அவற்றில் ஒன்றைச் சுடும் காட்சியைச் சற்றே கிட்ட நின்று பார்ப்போம். ஒரே எல்ம் கட்டையைக் குடைந்த தொட்டிலில் குழாய் படுத்திருக்கிறது. தொட்டிலுக்கு முன்புறம் இரண்டே சக்கரங்கள். குழாய்க்கு இருபுறமும் வாய். பின்வாயில் பொருந்துவதற்கு, கைப்பிடி வைத்த இரும்புக் குடத்தைப்போல மருந்துக்குடம் ஒன்று தனியே இருக்கிறது. ஓர் ஆள் அக்குடத்தில் வெடிமருந்தை நிரப்பி மரக்கட்டையால் அடைக்கிறான். மற்றோர் ஆள் கல்லில் கொத்திய உருண்டைக் குண்டைப் பின்புறமாகவே குழாய்க்குள் செலுத்துகிறான். பிறகு இருவருமாக மருந்துக்குடத்தைத் தூக்கிக் குழாயின் பின்வாயோடு ஒட்டவைத்து, அதற்கும் தொட்டிலின் பின்கட்டைக்கும் நடுவே ஓர் ஆப்பைச் சொருகிச் சம்மட்டியால் அறைகிறார்கள். அந்த ஆப்பு தளர்ந்திருந்தால் வெடி முன்னால் போவதற்குப் பதில் பின்னால் நிற்பவர்களின் முகத்தில் பாயும். அறைகிறவனுக்கு அது தெரியும். பீரங்கிக்காரன் நீண்ட மரத் திரிக்கோலின் முனையில் கனன்றுகொண்டிருக்கும் திரியை மருந்துத் துவாரத்தில் வைக்கிறான். அந்தத் திரிக்கோல்களுள் பல கடலடியில் கிடைத்தன: ஒன்றின் தலை இறுக மூடிய மனிதக் கைமுஷ்டி; மற்றொன்று வாய் பிளந்த விலங்கு; அதன் பற்களுக்கிடையே திரியைக் கவ்வ வைத்திருக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து பேனாக்கத்தியால் செதுக்கிய அந்தக் கை யாருடையது என்று நாம் அறியப் போவதில்லை. ஆனால் அவன் தன் தொழிலில் கர்வம் கொண்டவன் என்பதை அக்கோல் இன்னும் சொல்கிறது.

சிறிய ஆயுதங்களில் ஒன்றையேனும் குறிப்பிட வேண்டும். 'ஆலங்கட்டிப் பீரங்கி' என்று பொருள்படும் பெயருள்ள அது, வட்டமான வாய்க்குப் பதிலாக நீள்சதுர வாயுடையது. கப்பலின் கைப்பிடிச் சுவரில் ஒரு பல்லை மாட்டி நிறுத்தி, தாயக்கட்டை போன்ற இரும்புத் துண்டுகளை அதற்குள் இட்டு, எதிரிக் கப்பலின் தளத்திலே நெருங்கி நிற்கும் ஆட்களின்மீது வீசினார்கள். அந்தச் சுருளில் இது 20.

இத்தனைக்கும் நடுவே, அதே கப்பலில், 250 யூ மர வில்களும் ஆயிரக்கணக்கான அம்புகளும் இருந்தன என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. மண்ணுக்குள் பெட்டிகளில் புதைந்துகிடந்து இக்காலத்தில் வெளிப்பட்ட வில்கள் 172; அம்புகள் சுமார் 3,500. ஆளுயரத்துக்கு மேற்பட்ட அந்த வில்களை முழுவதும் வளைக்க 100 பவுண்டு முதல் 185 பவுண்டு வரை இழுவிசை வேண்டியிருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். அம்புகளின் இறகு கசங்காதிருக்க, 24 துளையிட்ட வட்டத் தோலில் துளைக்கொன்றாகச் சொருகி வைத்திருந்தார்கள். அங்கே கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில், தோள்பட்டை எலும்பின் நுனி வாலிபத்தில் இணைந்து ஒன்றாகவேண்டியது, இணையாமலே நின்றிருக்கிறது. சிறு வயதிலிருந்து ஓயாமல் வில்லை இழுத்ததன் வடு அது என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். நெருங்கிச் சென்று கொக்கியால் பிணைத்து, அம்பு மாரி பொழிந்து, தளத்தில் குதித்து வாளால் வெட்டுவது பழைய கடற்போர். விலகி நின்று விலாப்புறத்துப் பீரங்கி வரிசையால் எதிரியின் மரத்தையே உடைப்பது வரப்போகும் கடற்போர். மேரி ரோஸ் இரண்டையும் சுமந்தது. இரண்டுக்கும் வேண்டிய ஆட்களையும் சுமந்தது.

1544 செப்டம்பரில் ஹென்றி பிரான்ஸின் பூலோன் நகரைப் பிடித்தார். பழிவாங்கப் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸ் மறு கோடையில் 200-க்கு மேற்பட்ட கப்பல்களையும், துடுப்பால் ஓடும் போர்க்கலங்களையும், தளபதி கிளாட் தான்னெபோவின் தலைமையில் போர்ட்ஸ்மத்தின் வாசலுக்கே அனுப்பினார். எதிர்க்க நின்ற ஆங்கிலக் கப்பல்கள் 80 அளவில். அரசர் தாமே வந்து, புதிதாகக் கட்டிய சவுத்ஸீ கோட்டையில் தங்கினார். மேரி ரோஸில் உபதளபதியாகச் சர் ஜார்ஜ் கெரூவும், கப்பல் தலைவராக ரோஜர் கிரென்வில்லும் இருந்தார்கள். கிரென்வில்லின் மைந்தனுக்கு அப்போது மூன்று வயது இருக்கும். அக்குழந்தை வளர்ந்து ரிச்சர்ட் கிரென்வில் என்ற பெயரோடு 'ரிவெஞ்ச்' கப்பலில் போரிட்டு மாண்ட வரலாறு இத்தொடரில் பின்னால் வரும்.

1545 ஜூலை 19-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலையில் காற்றே இல்லை. பாயை நம்பிய ஆங்கிலக் கப்பல்கள் அசைய முடியாமல் நிற்க, துடுப்பை நம்பிய பிரெஞ்சுக் கலங்கள் நெருங்கி வந்து சுட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. பின்னர் காற்று எழுந்தது. ஆங்கிலக் கப்பல்கள் பாய்விரித்துப் புறப்பட்டன. மேரி ரோஸ் முன்னணியில் சென்றது. அப்போது என்ன நேர்ந்தது என்பதை, உயிர்தப்பிய பிளெமிஷ்காரன் ஒருவனிடம் கேட்டறிந்து, ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியின் ஸ்தானாபதி வான் டெர் டெல்ஃப்ட் சில தினங்களில் தம் எஜமானருக்கு எழுதினார். ஒரு பக்கத்துப் பீரங்கிகளைச் சுட்டுவிட்டு, மறுபக்கத்தைத் திருப்புவதற்காகக் கப்பல் வளைந்தபோது ஒரு பெருங்காற்று அடித்தது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழ்வரிசைச் சாளரங்களைச் சுட்டபின் மூடாமலே விட்டிருந்தார்கள். திறந்திருந்த வாசல்கள் வழியாகக் கடல் உள்ளே நுழைந்தது. அச்சாளரங்கள் நீர்மட்டத்துக்கு 16 அங்குலத்துக்குமேல் இல்லை என்று பின்னாளில் வால்டர் ராலே எழுதியிருக்கிறார். ஒரு முழத்துக்கும் குறைவு.

பிரெஞ்சுக்காரர் தங்கள் குண்டே அதைத் தாழ்த்தியது என்று சொன்னார்கள்; தோற்றவர் தவறு என்பதைவிட வென்றவர் வீரம் என்பது எவருக்கும் உவப்பானதே. கடலடியில் கிடந்த கப்பலோ வலப்புறமாகச் சாய்ந்து சேற்றில் புதைந்திருந்தது. அந்த வலப்புறத்தில் சாளரக் கதவுகள் திறந்தும் பீரங்கிகள் வெளியே நீண்டும் இருந்தன. பிளெமிஷ்காரன் சொன்னதற்கும் மரம் சொல்வதற்கும் வேற்றுமை இல்லை. நான் அவனையே நம்புகிறேன். ஆனால் கதவை மூடாத ஓர் ஆளின்மேல் முழுப் பழியையும் சுமத்தவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. வருஷந்தோறும் ஏற்றிய பீரங்கியும், மேல்தளங்களில் கவசத்தோடும் ஆயுதத்தோடும் நெருங்கி நின்ற படைவீரர் கூட்டமும் கப்பலின் தலையைக் கனமாக்கியிருந்தன. ஜார்ஜ் கெரூவின் சகோதரரது வாழ்க்கையை எழுதிய ஜான் ஹூக்கர் வேறொன்றும் சொல்கிறார்: பக்கத்துக் கப்பலில் சென்ற உறவினர் என்ன சேதி என்று கூவிக் கேட்க, என் சொல்லுக்கு அடங்காத ஆட்கள் எனக்கு வாய்த்திருக்கிறார்கள் என்று கெரூ பதில் கூவினாராம். ஒவ்வொருவனும் தலைவனாயிருக்கத் தகுதியுள்ளவன். ஆகையால் எவனும் கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என்பது ஹூக்கரின் விளக்கம்.

எதிரிகள் தாவி ஏறிவிடாதபடி மேல்தளம் முழுவதற்கும் தடித்த கயிற்றுவலையை விரித்துக் கட்டியிருந்தார்கள். பழைய கடற்போருக்கான காவல் அது. கப்பல் சாய்ந்தபோது, வெளியிலுள்ளவரைத் தடுக்கக் கட்டிய அந்த வலை உள்ளிருந்தவர்களைப் பிடித்து நிறுத்தியது. கீழே இருந்தவர்கள் ஏணிகளை நோக்கி ஓடினார்கள். இடப்புறத்துப் பீரங்கிகள் கட்டறுத்துக்கொண்டு அவர்கள்மேல் உருண்டன. அடுப்பும் கொப்பரையும் இடம்பெயர்ந்து விழுந்தன. மேலே ஏறி வந்தவர்களுக்கு வலை இருந்தது. கப்பலில் இருந்தவர் சுமார் 500 பேர் என்றும், பிழைத்தவர் 25 அல்லது 30 என்றும் ஸ்தானாபதி எழுதுகிறார். கரையிலே, கோட்டையிலிருந்து அரசர் பார்த்துக்கொண்டிருந்தார். கெரூவின் மனைவியும் அங்கேயே நின்றதாக ஹூக்கர் கூறுகிறார். கணவருடைய கப்பல் நீரில் மறைவதைக் கண்டு அவள் மூர்ச்சையானாள். போர்க்களத்தில் மாள்கிறவர்களுக்கு ஒரு கணமேனும் எதிரியின் முகம் தெரியும். இவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தலைக்குமேல் பின்னிய கயிறு.

பின்னாளில் கடலடியில் தேடியபோது, தச்சரின் அறைக்கருகே ஒரு சிறு நாயின் எலும்புக்கூடு கிடந்தது. எலி பிடிக்க வளர்த்தது. வைத்தியரின் பெட்டியில் களிம்பு ஜாடிகள் அப்படியே இருந்தன. ஒரு களிம்பில் அதைக் கடைசியாகத் தொட்ட விரலின் தடம் பதிந்திருந்தது. பேன் சீப்பு, செபமாலை, தாய விளையாட்டின் பலகை, கீழ்த்திசைச் சரக்கான மிளகு. சேறு அனைத்தையும் மூடிக் காத்தது. 1982-இல் அந்த உடலின் பாதியை மேலே கொண்டுவந்த பெருமுயற்சியை அடுத்த இதழில் விரிவாகச் சொல்லுகிறேன்.

ஹென்றியோ அத்தனை வருஷம் காத்திருக்க நினைக்கவில்லை. பிரெஞ்சுப் படை வைட் தீவில் சில சச்சரவுகளைச் செய்துவிட்டுத் திரும்பிப் போனதும், இரண்டு வாரத்துக்குள்ளாகவே கப்பலைத் தூக்கும் பிரயத்தனம் தொடங்கிவிட்டது. வெனிஸிலிருந்து வந்த நிபுணர்கள் 30 வெனிஸ் மாலுமிகளையும், ஒரு வெனிஸ் தச்சரையும், உதவிக்கு 60 ஆங்கில மாலுமிகளையும், தடித்த வடங்களையும் கேட்டார்கள். மூழ்கிய கப்பலின் இருபுறமும் 'சாம்ஸன்', 'ஜீஸஸ் ஆஃப் லூபெக்' என்ற இரண்டு 700 டன் கப்பல்களைக் காலியாக நிறுத்தி, கீழே வடங்களைச் செலுத்தி, கடல் வற்றியிருக்கும்போது வடத்தை இறுக்கி, ஏற்றம் வரும்போது இரண்டு கப்பல்களும் உயர அவற்றோடு மேரி ரோஸும் உயரும் என்பது திட்டம். நல்ல திட்டந்தான். ஆனால் மேரி ரோஸ் நிமிர மறுத்தது. பாய்மரத்தில் வடத்தைக் கட்டி இழுத்தார்கள், பாய்மரம் முறிந்தது. பாய்களும் சில மரங்களும் கரையேறின. பின்னர் வந்த முக்குளிப்பவர்கள் சில பீரங்கிகளை எடுத்தார்கள். அவர்களுள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஜாக் பிரான்சிஸ் என்பவரும் ஒருவர். உடல் அங்கேயே தங்கிவிட்டது.

மறு வருஷம் அந்தோணி அந்தோணி தம் மூன்று தோற்சுருள்களை அரசர்முன் விரித்தார். மூழ்கிப்போன மேரி ரோஸை அவர் விட்டுவிடவில்லை. படைவீரர் 185, மாலுமிகள் 200, பீரங்கிக்காரர் 30 என்று எழுதி, 91 பீரங்கிகளையும் 250 வில்களையும் வரிசைப்படுத்தி, அதற்குமேல் நான்கு பாய்மரங்களும் எண்ணற்ற கொடிகளும் பறக்க, அமைதியான நீரில் நிமிர்ந்து செல்லும் ஒரு கப்பலைத் தீட்டியிருந்தார். அதன் விலாப்புறத்தில் சாளரக் கதவுகளெல்லாம் திறந்திருந்தன. ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு பீரங்கி வெளியே நீண்டிருந்தது.

(தொடரும்)